பழைய கார் எஞ்சினைப் பாகங்களுக்குச் சேதமின்றித் திரும்பப் பூட்டுவது: முழுமையான வழிகாட்டி

வார்ப்பிரும்பு பிளாக், அதன் பக்கவாட்டில் ஓடும் கேம் ஷாஃப்ட் (தன் மேடுகளால் வால்வுகளைத் திறக்கும் தண்டு), புஷ் ராடால் (அந்தத் தள்ளலை மேலே கொண்டுசெல்லும் கம்பி) இயங்கும் எட்டு வால்வுகள் ஆகியவற்றைக் கொண்ட பழைய நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். போரிங் (சிலிண்டரைக் கடைவது), கிராங்க் கிரைண்டிங் (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டான கிராங்கைச் சாணை பிடிப்பது) போன்ற லேத்துப் பட்டறை வேலைகள் முடிந்து, பாகங்கள் எல்லாம் மேசைக்கு வந்துவிட்ட நிலையே இங்குத் தொடக்கம்.

பூட்டும்போது உடைகிற பாகம் பெரும்பாலும் உடைவதற்கு முன்பே ஓர் அறிகுறி காட்டிவிடுகிறது. கிராங்க் சற்று இறுகும். போல்ட் விரலுக்கு வராது. சுத்தியல் பிடியின் ஒலி மாறும். புதிதாக வேலை பழகுபவர்கள் அந்த இடத்தில் நிறுத்தாமல் கூடுதல் பலம் கொடுத்துவிடுகிறார்கள். எனவே கிராங்க் உள்ளே போன பிறகு ஒவ்வொரு பாகத்தையும் பூட்டியதும் அதைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். இறுக்கம் தெரிந்தால் காரணம் கடைசியாகப் பூட்டிய பாகத்தில் இருக்கும். ஐந்து பாகங்களைப் பூட்டிவிட்டுச் சுற்றிப் பார்ப்பவர் ஐந்தையும் கழற்ற வேண்டியிருக்கும்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் வேண்டியது அந்த எஞ்சினுக்கே உரிய பணிமனைக் கையேடு. ஒரே மாடல் காரில்கூட ஆண்டுக்கு ஆண்டு போல்ட் அளவும் முறுக்கு அளவும் மாறியிருக்கும் என்பதால், எஞ்சின் எண்ணைப் பார்த்துச் சரியான பதிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கு நான் தரும் அளவுகள் பொதுவானவை. கையேடு வேறு எண் சொன்னால் கையேட்டின் எண்ணே சரி.

அலகிலும் கவனம் வேண்டும். பழைய கையேடுகள் முறுக்கை பவுண்டு-அடியிலோ கிலோகிராம்-மீட்டரிலோ தருகின்றன. இன்றைய டார்க் ரெஞ்சுகளில் பெரும்பாலும் நியூட்டன்-மீட்டர் இருக்கும். 1 பவுண்டு-அடி என்பது 1.356 நியூட்டன்-மீட்டர், 1 கிலோகிராம்-மீட்டர் என்பது ஏறத்தாழ 9.8 நியூட்டன்-மீட்டர். 40 பவுண்டு-அடி என்று எழுதியிருப்பதை 40 நியூட்டன்-மீட்டராக வைத்து இறுக்கினால், அந்த போல்ட் வேண்டிய இறுக்கத்தில் முக்கால் பங்கைக்கூடப் பெற்றிருக்காது.

டார்க் ரெஞ்ச், ஃபீலர் கேஜ், டயல் கேஜ், பேரிங் இடைவெளி பார்க்கும் பிளாஸ்டிகேஜ் இழை, ரிங் விரிக்கும் கருவி, ரிங் கம்ப்ரஸர், பூட்டும்போது தடவும் கெட்டியான அசெம்பிளி எண்ணெய், பஞ்சு உதிராத துணி ஆகியவை மேசைமேல் இருந்தால் போதும். ஒரு கருவி இல்லை என்பது பாதி வேலையில் தெரியும்போதுதான் ஸ்குரூ டிரைவரால் ரிங்கை விரிக்கும் யோசனை வருகிறது.

போல்ட்டுகளை வகை பிரித்து வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 5/16 அங்குல போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ.; கண்ணுக்கு அது 8 மி.மீ. போல்ட்டைப் போலவே தெரியும். ஆனால் இரண்டின் மரையும் வேறு. தவறான போல்ட் ஒன்றிரண்டு சுற்று உள்ளே போய்ப் பிறகு பிடித்துக்கொள்ளும். அங்கே ஸ்பேனரைப் போட்டால் பிளாக்கின் மரை போய்விடும். எந்த போல்ட்டாக இருந்தாலும் அதன் மரையில் பாதிக்கு மேல் விரலாலேயே இறங்க வேண்டும்.

2. சுத்தம் செய்தல்: அவசரப்படக் கூடாத வேலை

ஹோனிங் செய்த, அதாவது உராய்கல்லால் நுணுக்கமாகத் தேய்த்த சிலிண்டரின் சுவரில் உராய்கல்லின் நுண்துகள்கள் பதிந்திருக்கும். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ அவற்றை முழுவதும் வெளியே கொண்டுவராது. கொழுப்பைக் கரைத்துவிட்டுத் துகளை அங்கேயே விட்டுவிடும். வெந்நீரும் சோப்பும் கொண்டு நைலான் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். காய்ந்ததும் வெள்ளைத் துணியில் எண்ணெய் நனைத்துச் சுவரைத் துடைத்துப் பார்க்கவும். துணியில் சாம்பல் நிறம் ஏறினால் மறுபடியும் கழுவ வேண்டும். நான்கைந்து முறை கழுவ வேண்டி வருவது இயல்பு. கழுவிய இரும்பு நிமிடங்களில் துருப்பிடிக்கத் தொடங்கும் என்பதால், காற்றடித்து உலர்த்தியதும் எண்ணெய் தடவிவிட வேண்டும்.

எண்ணெய்ச் சுரங்கங்களின் முனைகளில் உள்ள பிளக்குகளைக் கழற்றி, நீண்ட பிரஷ்ஷை ஊடே செலுத்தி, காற்றடிக்க வேண்டும். கிராங்கின் உள்ளே சாய்வாகச் செல்லும் துளைகளும் இதில் சேரும். கழற்றிய பிளக்குகளை எண்ணி வைத்து, எண்ணியே திரும்பப் போட வேண்டும். டைமிங் கவருக்குப் பின்னாலும் ஃப்ளைவீலுக்குப் பின்னாலும் மறைந்துவிடும் பிளக்குகளில் ஒன்று விடுபட்டால் எண்ணெய் அழுத்தம் ஏறாது. காரணத்தைக் கண்டுபிடிக்க எஞ்சினைத் திரும்ப இறக்க வேண்டியிருக்கும்.

போல்ட் துளைகளையும் காற்றால் ஊதிக் காலி செய்ய வேண்டும். அடி மூடிய துளையில் எண்ணெயோ நீரோ தேங்கியிருந்தால் போல்ட் இறங்கும்போது அது வெளியேற வழியின்றிப் பிளாக்கையே பிளந்துவிடக்கூடும்.

இந்த இடத்தில் டேப்பட்டுகளை, அதாவது கேம் மேட்டின் தள்ளலைப் புஷ் ராடுக்குக் கடத்தும் சிறு உருளைகளைப் பற்றி ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சில எஞ்சின்களில் டேப்பட்டுகள் மேலிருந்தோ பக்கவாட்டு மூடி வழியாகவோ இறங்கும். சிலவற்றில் கீழிருந்துதான் ஏறும். இரண்டாவது வகையானால் அவை கேம் ஷாஃப்ட்டுக்கு முன்பே உள்ளே போயாக வேண்டும்; கேம் செருகிய பிறகு வழியில்லை.

3. மெயின் பேரிங்குகளும் கிராங்கும்

பேரிங் ஷெல்லின் (கிராங்கைத் தாங்கும் அரைவட்டத் தகடு) முதுகும் அது உட்காரும் குழியும் முற்றிலும் உலர்ந்து, சுத்தமாக இருக்க வேண்டும். முதுகில் எண்ணெய் தடவுவது புதியவர்களிடம் அடிக்கடி பார்க்கும் தவறு. ஷெல்லின் வெப்பம் அதன் முதுகு வழியாகவே பிளாக்குக்குப் போகிறது; இடையில் ஒரு துகளோ எண்ணெய்ப் படலமோ இருந்தால் ஷெல் சரியாகப் பதியாது, அந்த இடத்தில் இடைவெளியும் குறையும். எண்ணெய் கிராங்கைத் தொடும் முகத்துக்கு மட்டுமே.

எண்ணெய்த் துளையுள்ள ஷெல், பிளாக்கில் எண்ணெய் வரும் துளைக்கு நேராக உட்கார வேண்டும். மாற்றிப் போட்டால் துளை அடைபட்டு, அந்த பேரிங் சொட்டு எண்ணெய்கூடப் பெறாது. மேலும் கீழும் ஒரே மாதிரித் தெரியும் ஷெல்களை ஒவ்வொன்றாகத் துளைமேல் வைத்து, வெளிச்சத்தில் பார்த்து உறுதிப்படுத்துவது நல்லது.

அடுத்தது இடைவெளி அளப்பது. ஜர்னலும் (பேரிங்குக்குள் சுழலும் கிராங்கின் உருண்ட பகுதி) ஷெல்லும் உலர்ந்த நிலையில், பிளாஸ்டிகேஜ் இழைத் துண்டை ஜர்னலின் நீளவாக்கில் வைத்து, கேப்பை (ஷெல்லின் மறுபாதியைப் பிடிக்கும் மூடி) முழு முறுக்குக்கு இறுக்கிக் கழற்ற வேண்டும். நசுங்கிய இழையின் அகலத்தை உறையிலுள்ள அளவுக் கோட்டோடு ஒப்பிட வேண்டும். இழை அகலமாக நசுங்கியிருந்தால் இடைவெளி குறைவு என்று பொருள். ஜர்னலின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 50 மி.மீ. ஜர்னலுக்கு 0.05 மி.மீ. என்பது பட்டறைகளில் புழங்கும் தோராயக் கணக்கு. இந்த ஒரு சோதனையில் மட்டும் கிராங்கைச் சுற்றக் கூடாது; சுற்றினால் இழை இழுபட்டு அளவு பொய்யாகிவிடும்.

இடைவெளி அதிகமாக இருக்கிறது என்று கேப்பின் முகத்தை அரத்தால் தேய்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கேப்புகள் பிளாக்கோடு இறுக்கப்பட்ட நிலையில் ஒரே வரிசையில் துளையிடப்பட்டவை. தேய்த்த கணமே அந்தத் துளை வட்டமாக இல்லாமல் போகிறது. அதே காரணத்தால்தான் ஒவ்வொரு கேப்பும் தன் எண்ணுள்ள இடத்துக்கும் தன் பழைய திசைக்கும் திரும்ப வேண்டும்.

அளந்து முடித்ததும் இழையைத் துடைத்து, ஷெல் முகத்தில் அசெம்பிளி எண்ணெயைத் தாராளமாகத் தடவி, கிராங்கை நேர் கீழாக இறக்கவும். பின் எண்ணெய் சீல் உதட்டு வகையானால் அதன் சுருள்கம்பி உள்ள பக்கம் எண்ணெய் இருக்கும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். கேப்புகளை நடுவிலிருந்து வெளிநோக்கி மூன்று தவணையில் இறுக்கி, ஒவ்வொரு கேப்புக்கும் பிறகு கிராங்கைச் சுற்றவும். மூன்றாவது கேப்பில் இறுகினால் மூன்றாவது ஷெல்லின் முதுகைப் பார்க்க வேண்டும். மற்றவற்றைத் தொட வேண்டியதில்லை.

மரையில் எண்ணெய் இடலாமா என்பதையும் கையேட்டிலேயே பார்க்க வேண்டும். எண்ணெய் தடவிய மரையில் உராய்வு குறைவு என்பதால், அதே முறுக்கில் போல்ட் கூடுதலாக இழுபடும். உலர்ந்த மரைக்குச் சொன்ன எண்ணை எண்ணெய் மரைக்குப் பயன்படுத்தினால் போல்ட் நீண்டுவிடக்கூடும்.

4. திரஸ்ட் வாஷர்

கிராங்க் முன்னும் பின்னும் நகர்வதைக் கட்டுப்படுத்தும் அரைவட்டத் திரஸ்ட் வாஷர்களின் எண்ணெய்க் கால்வாய்கள் உள்ள முகம் கிராங்கைப் பார்த்திருக்க வேண்டும். நான் பழகிய நாட்களில் ஒரு முறை அவற்றைத் திருப்பிப் போட்டுவிட்டேன். எஞ்சின் ஓடியது, ஆனால் சில மாதங்களில் கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் முன்புல்லி முன்னே நகர்வது கண்ணுக்கே தெரிந்தது. இறக்கிப் பார்த்தபோது வாஷரின் எஃகு முதுகு கிராங்கின் முகத்தைத் தின்றிருந்தது.

கிராங்கை முன்னும் பின்னும் நெம்பி, அசைவை டயல் கேஜால் அளக்கவும். பல எஞ்சின்களில் இது 0.05 முதல் 0.20 மி.மீ. வரை இருக்கும். அசைவே இல்லை என்றாலும் தவறுதான். சூடானதும் கிராங்க் இறுகும்.

5. பிஸ்டன் ரிங்குகளைத் தயார் செய்தல்

ரிங்கைப் பிஸ்டனில் ஏற்றும் முன், அது ஓடப்போகும் அதே சிலிண்டருக்குள் வைத்து வாய் இடைவெளியை அளக்க வேண்டும். ரிங்கைக் கையால் உள்ளே வைத்து, தலைகீழாகப் பிடித்த பிஸ்டனால் சுமார் 25 மி.மீ. கீழே தள்ளினால் அது சாய்வின்றி உட்காரும். மேல் ரிங்குக்கு, சிலிண்டர் விட்டத்தின் ஒவ்வொரு 25 மி.மீ.க்கும் 0.075 முதல் 0.10 மி.மீ. வரை என்பது வழக்கமான கணக்கு, 76 மி.மீ. சிலிண்டருக்கு 0.23 முதல் 0.30 மி.மீ. வரை வரும்.

இடைவெளி குறைவாக இருந்தால், சூடேறி நீளும் ரிங்கின் இரு முனைகளும் முட்டிக்கொண்டு சுவரைக் கீறும், அல்லது ரிங் உடையும். மெல்லிய அரத்தால் வெளி விளிம்பிலிருந்து உள்நோக்கி மட்டும் தேய்த்துச் சரிசெய்யலாம். உள்ளிருந்து வெளியே தேய்த்தால் சுவரைத் தொடும் விளிம்பில் பிசிறு நிற்கும்.

வார்ப்பிரும்பு ரிங்கைத் திருகிச் சுற்றி ஏற்றக் கூடாது. அது நிரந்தரமாக முறுக்கிக்கொள்ளும். விரிக்கும் கருவியால் தேவையான அளவுக்கு மட்டும் விரித்து, கீழ் ரிங்கிலிருந்து மேல்நோக்கி ஏற்றவும். புள்ளியோ எழுத்தோ உள்ள பக்கம் மேலே வர வேண்டும். மூன்று துண்டு ஆயில் ரிங்கில், நடுவிலுள்ள அலைத் தகட்டின் முனைகள் ஒன்றோடொன்று முட்டி நிற்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. ரிங்குகளின் வாய்கள் ஒரே நேர்கோட்டில் வராதபடி அவற்றைச் சுமார் 120 பாகை இடைவெளியில் திருப்பி வைக்கவும்.

6. பிஸ்டனை உள்ளே இறக்குதல்

அதிகமாகப் பாகங்கள் உடைவது இந்தப் படியில்தான்.

பிஸ்டனின் அம்புக்குறி எஞ்சினின் முன்பக்கம் நோக்கியிருக்கிறதா, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் எண் கையேடு சொல்லும் பக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கவும். பிஸ்டன் பின் பல பிஸ்டன்களில் நடுக்கோட்டிலிருந்து சற்று விலகியிருக்கும். திருப்பிப் போட்டால் குளிர்ந்த எஞ்சினில் பிஸ்டன் தட்டும் ஓசை கேட்கும். ராடு போல்ட்டுகளின் மேல் இரண்டு துண்டு ரப்பர் குழாயைச் செருகிவிடவும். போல்ட்டின் மரை கிராங்க் ஜர்னலில் ஒரு முறை உரசினாலே போதும், கிரைண்டிங் செய்த செலவு வீணாகும்.

அந்தச் சிலிண்டரின் ஜர்னலை அடி நிலைக்குக் கொண்டுவந்து, சுவர், ரிங், பிஸ்டன் பாவாடை (அதன் கீழ்ப்பகுதி) எல்லாவற்றுக்கும் எண்ணெய் தடவி, ரிங் கம்ப்ரஸரை இறுக்கவும். கம்ப்ரஸரின் விளிம்பு பிளாக்கின் முகத்தோடு சுற்றிலும் ஒட்டியிருக்க வேண்டும். இடது கை அதை அழுத்திப் பிடித்தபடியே இருக்க வேண்டும். வலது கையால் சுத்தியலின் மரப்பிடி முனையைக் கொண்டு பிஸ்டன் தலையில் மெதுவாகத் தட்டவும்.

ஒலியைக் கேட்டுக்கொண்டே தட்ட வேண்டும். பிஸ்டன் இறங்கும்போது 'தொப் தொப்' என்று மந்தமாக ஒலிக்கும். ஒவ்வொரு தட்டுக்கும் சிறிது கீழே போகும். ஏதாவது ஒரு ரிங் கம்ப்ரஸருக்கும் பிளாக்குக்கும் இடையே நழுவி வெளியே வந்துவிட்டால், ஒலி சட்டென்று கெட்டியாகி, பிடி கையில் எகிறும். என்னிடம் வேலை பழகிய ஓர் இளைஞர் அந்த எகிறலைக் கேட்டும், இன்னும் ஒரே ஓர் அடி என்று ஓங்கிப் போட்டார். பிஸ்டன் இறங்கியது; ஆயில் ரிங்கின் மெல்லிய தகடு இரண்டாக முறிந்தது; பிஸ்டனின் இரண்டாம் ரிங் காடியின் ஓரமும் பெயர்ந்தது. ஒலி மாறினால் பிஸ்டனை வெளியே எடுத்து, கம்ப்ரஸரைத் திரும்பக் கட்ட வேண்டும். அதற்கு ஆகும் நேரம் மூன்று நிமிடம்.

ராடு ஷெல் ஜர்னலில் அமர்ந்ததும் கேப்பை அதே எண் சேரும்படி வைத்து இறுக்கி, கிராங்கைச் சுற்றவும். ரிங்குகளின் உராய்வால் இப்போது சற்றுக் கனமாகச் சுற்றும். அது ஒவ்வொரு பிஸ்டனுக்கும் ஒரே அளவில் ஏறிக்கொண்டு போக வேண்டும். ஒரு பிஸ்டனில் மட்டும் கனம் திடீரென்று கூடினால் அங்கே நிறுத்த வேண்டும்.

7. கேம் ஷாஃப்ட்டும் டைமிங்கும்

கேமின் மேடுகளில் மாலிப்டினம் கலந்த பசையைத் தடவி, ஷாஃப்ட்டைச் சுழற்றிக்கொண்டே நேராகச் செருகவும். மேட்டின் கூரிய ஓரம் மென்மையான கேம் பேரிங்கை எளிதில் கீறும். பழைய டேப்பட்டுகளைத் திரும்பப் போடுவதானால் ஒவ்வொன்றும் தன் பழைய மேட்டுக்கே போக வேண்டும், ஏனெனில் இரண்டும் சேர்ந்தே தேய்ந்திருக்கின்றன. புதிய கேமுக்குப் பழைய டேப்பட் போடக் கூடாது.

செயின் சக்கரங்களின் குறிகளைச் சேர்த்துப் பூட்டிய பின், கிராங்கை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிக் குறிகள் மறுபடியும் சேர்கின்றனவா என்று பார்க்கவும். கேம் பாதி வேகத்தில் சுழல்வதால் ஒரே சுற்றில் சேராது. அதைப் பார்த்துப் பயந்து செயினைக் கழற்றுபவர்கள் உண்டு.

8. ஆயில் பம்பும் சம்ப்பும்

பம்பை எண்ணெயால் நிரப்பிப் பூட்டினால் முதல் சுற்றிலேயே அது உறிஞ்சத் தொடங்கும். வறண்ட பம்ப் காற்றையே சுற்றிக்கொண்டிருக்கும்.

சிலிகான் பசையைக் கையேடு சொல்லும் மூலைகளில் மட்டும், மெல்லிய படலமாக இடவும். வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரிகிறது என்றால் அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். அது உதிர்ந்து பம்பின் சல்லடையை அடைக்கும். தகரச் சம்ப்பின் (எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) விளிம்பு போல்ட் துளைகளில் குழிந்திருந்தால் மரக்கட்டையின் மேல் வைத்துத் தட்டிச் சமப்படுத்தவும். தக்கைப் பேக்கிங்கை அது பிதுங்கும்வரை இறுக்கினால் கிழிந்துவிடும்.

9. ஹெட்டை அமர்த்துதல்

நேர்கோலை ஹெட்டின் (சிலிண்டர்களை மேலிருந்து மூடும் பாகம்) முகத்தில் குறுக்கும் மறுக்குமாக வைத்து, அடியில் 0.05 மி.மீ. ஃபீலர் நுழைகிறதா என்று பார்க்கவும். நுழைந்தால் கையேட்டின் எல்லையோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும். கேஸ்கட்டைப் பிளாக்கின் மேல் வைத்து, நீர்த் துளைகளும் எண்ணெய்த் துளையும் நேராக வருகின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கவும்; தலைகீழாக வைத்த கேஸ்கட், வால்வுகளை அழுத்தும் ராக்கருக்குப் போகும் ஒரே எண்ணெய் வழியை மறைத்துவிடக்கூடும்.

ஸ்டட்டுகளை விரல் இறுக்கத்துக்கு மட்டும் போடவும். நட்டுகளை நடுவிலிருந்து சுழல் வரிசையில் வெளிநோக்கி இறுக்க வேண்டும். இறுதி அளவு 60 நியூட்டன்-மீட்டர் என்றால் 20, 40, 60 என்று மூன்று சுற்றாகப் போகவும். ஓரத்திலிருந்து தொடங்கினால் கேஸ்கட்டின் நடுவில் ஏற்படும் மடிப்புக்கு வெளியேற இடமிருக்காது.

ராக்கர் ஷாஃப்ட்டை இறுக்கும் முன் ஒவ்வொரு புஷ் ராடும் டேப்பட்டின் குழிக்குள் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் சுழற்றிப் பார்க்கவும். விளிம்பில் நிற்கும் புஷ் ராடு இறுக்கும்போது வளைந்துவிடும்.

10. வால்வு இடைவெளி

நான்கு சிலிண்டர், எட்டு வால்வு எஞ்சின்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒன்பதின் கணக்கு பொருந்தும். எட்டாம் வால்வு முழுதாக அழுந்தியிருக்கும்போது முதல் வால்வைச் சரிசெய்யலாம். ஆறாவது அழுந்தியிருந்தால் மூன்றாவதைச் செய்யலாம். இரண்டின் கூட்டுத்தொகை எப்போதும் ஒன்பது. ராக்கருக்கும் வால்வுக்கும் இடையே ஃபீலர் தகடு லேசாகப் பிடித்து வழுக்க வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது திருகும் சேர்ந்து நகரும் என்பதால், இறுக்கிய பிறகு திரும்ப ஒரு முறை அளக்க வேண்டும்.

11. முதல் ஸ்டார்ட்

ஸ்பார்க் பிளக்குகளைப் போடாமல், இக்னிஷனைத் துண்டித்துவிட்டு, எண்ணெய் அழுத்தம் காட்டும்வரை ஸ்டார்ட்டரைப் பத்துப் பத்து விநாடிகளாகச் சுற்றவும். பிளக் இல்லாததால் பேரிங்குகளின் மேல் சுமை குறைவு. வறண்ட ஷெல் சுமையோடு சுற்றுவதைத் தவிர்ப்பதே இதன் நோக்கம். அழுத்தம் ஏறியதும் ராக்கர் கவரைத் திறந்து, எண்ணெய் மேலே வருவதைக் கண்ணால் பார்த்துக்கொள்ளவும். வரவில்லை என்றால் ஸ்டார்ட் செய்யக் கூடாது.

புதிய கேமும் டேப்பட்டும் போட்டிருந்தால், ஸ்டார்ட் ஆனவுடன் நிமிடத்துக்கு 2000 சுற்றுக்கு ஏற்றி, சுமார் 20 நிமிடம் சற்று ஏற்றி இறக்கி ஓட விடவும். ஐடிலில் கேமுக்குத் தெறிக்கும் எண்ணெய் குறைவு. முதல் சில நிமிடங்களிலேயே மேடு தேய்ந்து போகலாம். எண்ணெயிலும் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்க்கை போதிய அளவு இருக்க வேண்டும். இதனால்தான் இக்னிஷன் டைமிங், குளிர்நீர், பெட்ரோல் எல்லாவற்றையும் ஸ்டார்ட் செய்யுமுன்பே சரிபார்த்து வைக்க வேண்டும். பத்து முறை ஸ்டார்ட்டரை இழுத்துக்கொண்டிருந்தால் கேமில் தடவிய பசை முழுவதும் வழிந்துவிடும்.

ஓடும்போது ஒருவர் அழுத்த மீட்டரையே பார்த்துக்கொண்டிருக்கட்டும். முள் விழுந்தால் உடனே நிறுத்த வேண்டும். எஞ்சின் முற்றிலும் ஆறிய பிறகு, பழைய வகைக் கேஸ்கட்டுக்குக் கையேடு சொல்லியிருந்தால், ஹெட் நட்டுகளை அதே வரிசையில் ஒவ்வொன்றாகச் சற்றுத் தளர்த்தி முழு முறுக்குக்குத் திரும்ப இறுக்கவும். கேஸ்கட் அமுங்கியதால் வால்வு இடைவெளி மாறியிருக்கும். அதையும் திரும்பச் சரிசெய்யவும். முதல் எண்ணெயை இப்போதே வடித்து, ஃபில்டரை அறுத்து, மடிப்புகளில் என்ன தங்கியிருக்கிறது என்று பார்க்கவும். நுண்ணிய சாம்பல் நிறப் பொடி எதிர்பார்க்கத்தக்கது. காந்தத்தில் ஒட்டாத பளபளக்கும் செதில்கள் இருந்தால் சம்ப்பை இறக்கி, பேரிங் ஷெல்களைப் பார்த்துவிட்டுத்தான் காரைச் சாலையில் எடுக்க வேண்டும்.